லாடம் இல்லாத குளம்பும் அடம் இல்லாமல் தரும் காலும்

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய ஆறு வயதுக் கத்தியவாரி இனப் பெட்டைக் குதிரை அவரிடம் இருக்கிறது. வந்த நாள் முதல் லாடத்தோடுதான் இருக்கிறது. முன்னங்கால் குளம்புகளில் நீள வெடிப்பு விழுந்திருக்கிறது. ஆணி அடித்த இடங்களில் ஓரம் உதிர்கிறது. லாடக்காரர் வரும்போதெல்லாம் மேல் உதட்டைக் கயிறு போட்டு முறுக்கி, பின்னங்காலைக் கட்டி இழுத்துத்தான் வேலை முடிகிறது. தோட்டத்துச் செம்மண் பாதையிலும் சிறிது தூரம் தார்ச்சாலையிலும் நாளுக்கு ஒரு மணி நேரச் சவாரி. வேறு வேலை இல்லை. லாடத்தைக் கழற்றிவிடலாமா, கழற்றினால் நொண்டாதா, கால் தராத குதிரையை அடிக்காமல் எப்படிப் பழக்குவது, உதட்டை முறுக்குவது சரியா, லாடக்காரரை மாற்றிவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

கழற்றலாம். ஆனால் அவர் கேட்டிருக்கும் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் கால் தரப் பழக்க வேண்டும்; அதனோடு சேர்த்துத் தீவனத்தைத் திருத்த வேண்டும்; இரண்டும் ஓரளவு அமைந்த பிறகே லாடத்தில் கை வைக்க வேண்டும். லாடமில்லாக் குளம்பை நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது, தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட, சிறிது சிறிதாக அரம் போட்டுச் சீர் செய்துவர வேண்டும் என்பதே இதற்குக் காரணம். கால் தூக்குவதே ஒவ்வொரு முறையும் சண்டையாக இருந்தால் அந்த வேலை இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப்போகும். பிறகு ஒரே நாளில் குறடும் கத்தியும் கொண்டு அளவுக்கு மேல் வெட்டுவார்கள். அடுத்த நாள் குதிரை நொண்டும். "லாடம் இல்லாமல் ஆகாது, அப்போதே சொன்னேன்" என்ற பேச்சு வரும். லாடம் கழற்றியதால் கெட்டது என்று சொல்லப்படும் குதிரைகளில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் கெடுகின்றன.

லாடத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அன்று. ஆணி அடித்துப் பொருத்தும் இரும்பு லாடம் ஐரோப்பாவில் பரவலாகி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு வெகு முன்பே, கி.மு. நான்காம் நூற்றாண்டில், கிரேக்கப் படைத் தளபதி செனபோன் குளம்பைக் கெட்டிப்படுத்த ஒரு வழி சொல்லியிருக்கிறார்: குதிரை நிற்கும் முற்றத்தில் கைக்கு அடங்கும் உருண்டைக் கற்களை நான்கைந்து வண்டி கொட்டிப் பரப்பி, அவை சிதறாதபடி சுற்றிலும் விளிம்பு கட்டி, அதன் மேல் குதிரையை நிற்க விட வேண்டும் என்பதே அது. இங்கிலாந்துக் கால்நடை மருத்துவர் பிரேசி கிளார்க் 1809 இலேயே, குளம்பு விரிந்து சுருங்கும் தன்மை உடையது, ஆணி அடித்த இரும்பு அந்த அசைவைத் தடுக்கிறது என்று எழுதினார். 1980களில் அமெரிக்க லாடக்காரர் ஜெய்மி ஜாக்சன், மேற்கு அமெரிக்காவின் கிரேட் பேசின் வறண்ட நிலத்தில் திரியும் காட்டுக் குதிரைகளின் குளம்புகளை ஆராய்ந்து, அவற்றின் வடிவத்தை முன்மாதிரியாகக் கொண்ட திருத்தும் முறையைப் பரப்பினார். இன்று இதற்கு உலகெங்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். காட்டுக் குளம்பு என்றாலே குறையற்றது என்று சிலர் பேசுவதை மட்டும் நான் ஏற்பதில்லை. ஆஸ்திரேலியாவில் கிறிஸ் பொலிட்டும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தபோது, காட்டுக் குதிரைகளின் குளம்பு அவை வாழும் நிலத்துக்கு ஏற்ப வேறுபடுவதும், அவற்றிலும் குளம்பழற்சியின் (குளம்புச் சுவரையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் பகுதி புண்பட்டு இளகும் நோய்) தடயங்கள் கணிசமாக இருப்பதும் தெரியவந்தன. ஆகவே எந்தப் படத்தையும் பார்த்து அதே வடிவில் உங்கள் குதிரையின் குளம்பைச் செதுக்க வேண்டாம்.

குளம்பின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது விளங்கும். வெளியே தெரியும் சுவருக்கும் உள்ளே இருக்கும் குளம்பெலும்புக்கும் நடுவே 550 முதல் 600 வரையிலான மெல்லிய மடிப்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, நகமும் சதையும் போல இரண்டையும் பிணைத்திருக்கின்றன. குளம்பைத் திருப்பினால், சுவரின் உள்விளிம்பை ஒட்டி மஞ்சள் கலந்த வெளிர் நிறத்தில் ஒரு கோடு ஓடும். அதுவே அந்தப் பிணைப்பு தரையில் முடியும் இடம். வெள்ளைக் கோடு என்று சொல்வார்கள். அதற்கு உள்ளே இருப்பது அடித்தகடு. பின்பக்கமிருந்து நடுப்பகுதி வரை முக்கோணமாக ரப்பர் போல நீண்டிருப்பது ஃபிராக். குதிகால் பக்கம் எலும்பு இல்லை. நார்ப்பொருளாலான மெத்தையும் இருபுறக் குருத்தெலும்புகளும்தான் இருக்கின்றன. கால் தரையில் பதியும்போது முதலில் அதிர்ச்சியை வாங்க வேண்டியது இந்தப் பின்பகுதி. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பௌக்கர் செய்த ஆய்வுகள், இந்த மெத்தை குட்டிப் பருவத்தில் கொழுப்பாக இருந்து, நடந்து நடந்தே உறுதியான நாராகிறது என்பதைக் காட்டின. இரண்டு வயதிலேயே லாடம் அடித்து, நாள் முழுதும் லாயத்தில் கட்டிப்போட்ட குதிரைக்கு அந்த வளர்ச்சி அரைகுறையாகவே நின்றிருக்கும். உங்கள் குதிரை அப்படிப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். எனவே பொறுமை தேவைப்படும்.

இனி, கால் தரப் பழக்குவதைப் பார்ப்போம். பழக்கத் தொடங்கும் முன், அது கால் தர மறுப்பது அடமா வலியா என்று பார்க்க வேண்டும். இடது முன்னங்காலைத் தர மறுக்கும் குதிரைக்கு வலி இடது முன்னங்காலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் காலைத் தூக்கினால் எடை முழுதும் வலது முன்னங்காலில் இறங்கும். அங்கே வலி இருந்தால் இடது காலை விடாது. பின்னங்காலைக் கொடுத்தவுடன் உதறிப் பறிக்கிறது என்றால் முழங்கால் மூட்டு, இடுப்பு ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். லாடக்காரர்கள் தங்கள் வசதிக்காகப் பின்னங்காலை வெளிப்பக்கமாக அகட்டி உயரத் தூக்கும் வழக்கம் உண்டு. குதிரையின் பின்னங்கால் முன்னும் பின்னும் செல்ல அமைந்தது, பக்கவாட்டில் அதிகம் அகலாது. நன்றாக இருக்கும் குதிரைக்கே அந்த நிலை வலிக்கும்.

அடுத்து, குதிரை எந்த நொடியில் கற்கிறது என்பது. நாம் கொடுக்கும் அழுத்தம் நீங்கும் நொடியில், அது என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே சரியான விடை என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் காலைப் பிடிக்கிறீர்கள், அது உதறுகிறது, நீங்கள் கையை விடுகிறீர்கள். உதறினால் கை போய்விடும் என்பதை நீங்களே பாடமாக நடத்திவிட்டீர்கள். அதற்காக உதறும்போது விடாப்பிடியாகத் தொங்குவதும் உதவாது. முந்நூற்றைம்பது கிலோ எடையுள்ள விலங்கோடு பலப்பரீட்சையில் மனிதன் வெல்ல முடியாது, அதை அது தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது. உதறவே தேவைப்படாத அளவுக்குச் சிறியதாகக் கேட்டு, அது அசையாமல் இருக்கும்போதே நீங்களாகக் கையை எடுத்துவிடுவதுதான் வழி.

நடைமுறையில் அது இப்படி இருக்கும். காலையில், ஈத்தொல்லை தொடங்கும் முன், குதிரை வயிறு நிறையாமலும் பசி பொறுக்காமலும் இருக்கும் நேரத்தில், தரை சமமாக உள்ள இடத்தில் நிறுத்துங்கள். தூணில் இறுக்கிக் கட்டாதீர்கள்; அது நம்பும் ஒருவர் தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, நீங்கள் நிற்கும் அதே பக்கத்தில் நிற்கட்டும். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்பும் வாலுக்கு நேர் பின்பும் பார்வை எட்டாது; ஆகவே தோள் பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டே அணுகுங்கள். முதலில், பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டைச் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் தங்களுக்குள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பிறகு புறங்கையால் தோளிலிருந்து முழங்கால் வரை மெதுவாக இறக்குங்கள். உள்ளங்கையால் பற்றுவதைப் போலத் தொட்டால் சில குதிரைகள் திடுக்கிடும். புறங்கை பிடிக்கும் கை அல்ல என்பது அவற்றுக்குப் புரிகிறது. தோல் சிலிர்த்தால் கை அங்கேயே நிற்கட்டும். சிலிர்ப்பு அடங்கிய நொடியில் கையை எடுங்கள். மீண்டும் தொடங்குங்கள். முதல் நாள் கணுக்கால் வரை போய்வந்தாலே போதும்.

கால் தூக்கச் சொல்வதற்கு முன் அதன் நிற்பைப் பாருங்கள். நான்கு காலிலும் எடை சமமாக இருக்க வேண்டும். தூக்க வேண்டிய காலிலிருந்து எடை அடுத்த காலுக்கு மாறும்படி தோளில் விரலால் மெல்ல ஒரு தள்ளு. பிறகு முழங்காலுக்குக் கீழ் பின்பக்கம் ஓடும் தசைநாணை விரல்களால் இலேசாக அழுத்தி, ஏதாவது ஒரு சொல்லை ஒவ்வொரு முறையும் அதே குரலில் சொல்லுங்கள். "கால்" என்றாலே போதும். குளம்பின் நுனி மட்டும் தரையில் நிற்கும்படி குதிகால் எழுந்தால் அதுவே அன்றைய வெற்றி. உடனே விட்டுவிட்டுச் சொறிந்து கொடுங்கள். அடுத்தடுத்து ஒரு நொடி, மூன்று நொடி, பத்து நொடி என்று நீட்டலாம். கீழே விடும்போது காலைத் தொப்பென்று விடாமல், குளம்பைக் கையோடு தரைக்குக் கொண்டுபோய் வையுங்கள். இதை அலட்சியம் செய்பவர்கள் அதிகம். விழப்போகிறோம் என்ற பயம் ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த முறை அது காலை முன்கூட்டியே பறிக்கும்.

உங்கள் குதிரைக்குப் பின்னங்கால்தான் சிக்கல். கயிறு கட்டி இழுத்த நினைவு இருப்பதால், கையை முதலில் கொண்டுபோகாதீர்கள். நான்கடி நீளக் கம்பின் முனையில் துணி அடைத்த கையுறையைக் கட்டி, உதை எட்டாத தூரத்தில் தோளருகே நின்று, அந்தக் கையுறையால் இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று தடவுங்கள். உதைத்தால் உதைக்கட்டும், கையுறை அங்கேயே தொட்டபடி இருக்க வேண்டும், கால் தரையில் ஊன்றி நின்றதும் எடுக்க வேண்டும். சில நாட்களில் உதை குறைந்து வால் தளரும். அதன் பிறகே கை. காதைப் பின்னுக்கு ஒட்டுவது, கண்ணுக்கு மேல் சுருக்கம் விழுவது, மூக்குத்துளை இறுகுவது, வாலை ஒடுக்குவது ஆகியவை உதைக்கு முன்பே வரும் அறிகுறிகள். அவற்றைக் கண்டதும் ஒரு படி கீழே இறங்கிவிட்டால் உதை வருவதற்கான தேவையே எழாது. கால் ஓரளவு நின்ற பிறகு, அரத்தின் கைப்பிடியால் குளம்பை மெல்லத் தட்டுவது, அரத்தை ஓசைப்பட உரசுவது, காலை முன்னே கொண்டுவந்து உங்கள் தொடை மேல் வைப்பது ஆகியவற்றையும் பழக்குங்கள். லாடக்காரர் வரும் நாளில்தான் இவற்றை முதல் முறையாக அது சந்திக்க வேண்டும் என்றில்லை.

உதட்டை முறுக்குவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் சில நிமிடங்களுக்கு அது குதிரையை உண்மையாகவே சாந்தமாக்குகிறது. ஆனால் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நிலை மாறி, இதயத் துடிப்பும் பதற்றமும் ஏறத் தொடங்கும். நான்கு குளம்பும் முடிய முக்கால் மணி நேரம் ஆகும் வேலைக்கு அது ஏற்றதல்ல. காதை முறுக்குவது எந்த நிலையிலும் கூடாது. பிறகு கடிவாளம் போடக்கூடத் தலையைத் தராது. சீழ் கட்டியதைப் போல உடனே குளம்பைத் திறந்தாக வேண்டிய அவசரம் என்றால் மருத்துவரை வைத்து மயக்க ஊசி போட்டு முடியுங்கள். அது செலவுதான், ஆனால் ஒரு சண்டையை விட மலிவு. ஊசி போட்ட குதிரையும் உதைக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

தீவனத்துக்கு வருகிறேன். குளம்புச் சுவர் மாதத்துக்கு 6 முதல் 10 மி.மீ. வளர்கிறது. சுவரின் மேல் கிடைமட்டமாக வளையங்கள் தெரிந்தால், மயிர் முடியும் இடத்திலிருந்து அவை எவ்வளவு கீழே இருக்கின்றன என்று அளந்து பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டர் கீழே ஒரு வளையம் என்றால் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு முன் தீவனம் மாறியிருக்கிறது, காய்ச்சல் கண்டிருக்கிறது அல்லது ஏதோ ஒரு கேடு நடந்திருக்கிறது. வளையங்கள் முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகன்றும் இருந்தால், வெள்ளைக் கோடு அகன்று அதில் இரத்தக் கறை தெரிந்தால், பிடரி மயிர் வளரும் கழுத்து மேடு கொழுப்பேறிக் கெட்டியாக இருந்தால், அது குளம்பழற்சி. நொண்டல் வெளிப்படையாகத் தெரியாவிட்டாலும் உள்ளே பிணைப்பு இளகிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு நன்றாக அரம் போட்டாலும் பயன் குறைவு. வெல்லம், கரும்புத் தோகை, மக்காச்சோள மாவு, விருந்தாளி வரும்போதெல்லாம் ஊட்டும் வாழைப்பழம் ஆகியவற்றை நிறுத்துங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் சவாரி செய்யும் கத்தியவாரிக்குத் தானியம் அவ்வளவாகத் தேவையில்லை. உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு உலர்ந்த நார்த்தீவனம், அதாவது 350 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஐந்து முதல் ஏழு கிலோ வரை, பல வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பதே அடிப்படை.

நம் பகுதிக்கே உரிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கொழுக்கட்டைப் புல்லிலும் நேப்பியர் வகைகளிலும் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர விடாமல் பிடித்துக்கொள்ளும். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். அதுவும் அதே திசையில் இழுக்கும். இரண்டையுமே முதன்மைத் தீவனமாகக் கொடுத்துவந்தால் எலும்பு இளகி, முகம் புடைத்து, இன்ன காலில் என்று சொல்ல முடியாத நொண்டல் வரும். அதைக் குளம்பு நோய் என்று நினைத்து லாடத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள். குதிரை மசாலை அளவாகச் சேர்த்தால் சுண்ணாம்புச் சத்து ஈடாகும். இன்னொன்று, பல்லடம், நாமக்கல் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கோழித் தீவனத்தைக் குதிரைக்குக் காட்டவே கூடாது. அதில் கலக்கப்படும் மோனென்சின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

லாடம் கழற்றுவதற்கு நான் தேர்ந்தெடுக்கும் காலம் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம்பு ஊறி இளகியிருக்கும்போது கழற்றினால் அடித்தகடு கல்லைத் தாங்காது; சித்திரை வெயிலில் தரை பாறையாகிவிடும். முடிந்தால் அதற்கு முன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற ஓரிடத்தில் முன்னங்குளம்புகளைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுங்கள். எலும்பின் நுனிக்குக் கீழ் அடித்தகடு 15 மி.மீ. அளவில் இருந்தால் கவலை இல்லை, 10 மி.மீ.க்கும் குறைவு என்றால் குளம்புக்குப் போடும் காலணி இல்லாமல் கழற்ற வேண்டாம். எக்ஸ்ரே கிடைக்காவிட்டால் ஃபிராக்கின் இருபுறமும் ஓடும் பள்ளத்தைப் பாருங்கள். அந்தப் பள்ளத்தின் தளத்துக்கும் உள்ளே இருக்கும் உயிருள்ள சதைக்கும் இடைவெளி எல்லாக் குதிரைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆகவே ஃபிராக் நுனியருகே பள்ளம் ஆழமாக இருந்தால் அடித்தகடு தடித்திருக்கிறது. பள்ளமே தெரியாமல் மட்டமாக இருந்தால் மெலிந்திருக்கிறது. அந்தியூரில் குதிரை வாங்குவோர் சுழி பார்க்கச் செலவிடும் நேரத்தில் பாதியை இந்தப் பள்ளத்தைப் பார்க்கச் செலவிட்டால் எவ்வளவோ பணம் மிஞ்சும்.

கழற்றும்போது, சுவருக்கு வெளியே மடக்கியிருக்கும் ஆணி முனைகளை முதலில் நிமிர்த்த வேண்டும் அல்லது அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். லாடத்தைக் குறடால் நெம்பிப் பிய்த்தால் ஏற்கனவே உதிரும் சுவர் துண்டாகவே வந்துவிடும். முதல் நாள் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு: சுவரின் வெளி ஓரத்தைச் சுற்றிலும் அரத்தால் மழுக்கி உருட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். கூர்மையான ஓரம் தரையில் மோதினால்தான் சுவர் பிளந்து உதிர்கிறது. மழுக்கிய ஓரம் உதிராது. அடித்தகட்டைக் கத்தியால் சீவிப் பளபளவென்று காட்டும் வழக்கம் நம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. லாடம் அடிக்கும்போது இரும்பு தாங்கிக்கொள்வதால் அதன் தீங்கு மறைந்துவிடுகிறது. வெறுங்குளம்புக்கு அந்தத் தடிப்பே செருப்பு. அதையும் ஃபிராக்கையும் சீவ விடாதீர்கள். தொங்கும் கிழிசலை மட்டும் நறுக்கலாம். குதிகாலை ஒரேயடியாகத் தாழ்த்தச் சொல்லும் தீவிர முறைகளும் உண்டு. அவற்றால் மாதக்கணக்கில் படுத்துவிட்ட குதிரைகள் இருக்கின்றன. நீள வெடிப்புக்கும் தனி மருத்துவம் இல்லை. வெடிப்பு உள்ள இடத்தில் சுவர் தரையில் அழுந்தாதபடி ஓரத்தைச் சற்றுக் கூடுதலாக மழுக்கி, மேலிருந்து நல்ல சுவர் இறங்கிவரக் காத்திருக்க வேண்டும். முன்பக்கம் முழுமையாக இறங்க 9 முதல் 12 மாதம் ஆகும். வெடிப்பு மயிர்க்கோட்டைத் தொட்டாலோ இரத்தம் கசிந்தாலோ அது மருத்துவர் பார்க்க வேண்டியது. தெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்பதையும் இதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆணி குத்திய சிறு காயத்தாலேயே குதிரை அந்த நோயில் போய்விடும்.

முதல் சில வாரங்கள் சவாரி வேண்டாம். கையில் பிடித்து நடத்துங்கள். வியப்பாக இருக்கலாம், அதற்குத் தார்ச்சாலை நல்ல இடம், ஆனால் காலை வெயில் ஏறும் முன் மட்டும். சமமான கெட்டித் தரை எடையைப் பரவலாக வாங்கும். உங்கள் தோட்டத்துச் செம்மண் பாதையில் புதைந்திருக்கும் சரளைக் கற்கள்தான் தொடக்கத்தில் குத்தும். கைப்பேசிக் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் பக்கவாட்டில், தரையோடு தரையாகப் படம் எடுங்கள். குதிகால் முதலிலோ முழுக் குளம்பும் ஒன்றாகவோ பதிந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். நுனி முதலில் பதிந்தால் பின்பகுதியில் வலி இருக்கிறது. நடத்துவதைக் குறைத்துக் காரணத்தைத் தேடுங்கள். கல்லில் கால் வைத்ததும் குனிந்து தாங்கினால் அந்தத் தரைக்கு அது இன்னும் தயாராகவில்லை என்று பொருள். "பழகிவிடும்" என்று ஓட்டக்கூடாது. வலியோடு நடக்கும் குதிரை குளம்பைத் தவறாகப் பதிக்கும். தவறாகப் பதித்தால் குளம்பு தேறாது. அப்படிப்பட்ட இடங்களுக்கென்று, அளவெடுத்து வாங்கும் ரப்பர் காலணிகள் இருக்கின்றன; குளம்பைச் சீர் செய்த அன்றே நீளமும் அகலமும் அளந்தால்தான் அளவு பொருந்தும்.

மீதி இருபத்து மூன்று மணி நேரத்துக்கும் குளம்பில் பங்கு உண்டு. காட்டுக் குதிரை நாளுக்கு ஏறத்தாழ 15 கி.மீ. நடக்கிறது, லாயத்தில் நிற்பது ஒரு கி.மீ. நடப்பதே அரிது. தண்ணீர்த் தொட்டியை ஒரு மூலையிலும் தீவனத்தை எதிர் மூலையிலும் வைத்து அவிழ்த்துவிட்டால் அதுவே நடந்துகொள்ளும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பட்டாணி அளவு உருண்டைக் கூழாங்கல்லை அரை அடி ஆழத்துக்குக் கொட்டிவையுங்கள். செனபோன் சொன்னதன் சிறிய வடிவம்தான் அது. குடிக்க வரும்போதெல்லாம் ஃபிராக்குக்கும் அடித்தகட்டுக்கும் தூண்டுதல் கிடைக்கும், சேறும் தேங்காது. உடைத்த ஜல்லியைக் கொட்டிவிட வேண்டாம்.

தினமும் குளம்பைச் சுத்தம் செய்யும்போது ஃபிராக்கின் நடுப்பள்ளத்தை முகர்ந்து பாருங்கள். ஆரோக்கியமான பள்ளம் கட்டைவிரல் பதிந்த அளவு அகலமாக, ஆழமில்லாமல் இருக்கும். அது ஒரு கீறலாகச் சுருங்கி, கொக்கியின் முனை உள்ளே போய் மறைந்து, கறுப்புக் கசிவும் அழுகல் நாற்றமும் வந்தால் ஃபிராக் அழுகல் பிடித்திருக்கிறது. குதிரை நுனியில் நடப்பதற்கும் கால் தர மறுப்பதற்கும் பல நேரம் இதுவே காரணம். கழுவி, துணியால் ஒற்றி உலர்த்தி, நீர்த்த பொவிடோன் அயோடின் விட்டு, பஞ்சை மெல்லத் திணித்து நாள்தோறும் மாற்றுங்கள். மயில்துத்தம் பலன் தரும். ஆனால் சிவந்த சதை தெரியும் இடத்தில் தூளாக வைத்தால் வெந்துவிடும். பழைய இன்ஜின் ஆயிலும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். எதைப் பூசினாலும், மூத்திரமும் சாணமும் ஊறிய தரையில் நிற்கும் வரை அது திரும்பத் திரும்ப வரும்.

லாடம் தேவைப்படும் குதிரைகளும் உண்டு. நாள் முழுதும் தார்ச்சாலையில் வண்டி இழுக்கும் குதிரைக்கும், சாலையில் ரேக்ளா ஓடும் குதிரைக்கும் குளம்பு வளரும் வேகத்தை விடத் தேய்மானம் அதிகம். எலும்பு முறிவு, சில மூட்டு நோய்கள் ஆகியவற்றில் மருத்துவர் சொல்லும் தனி லாடம்தான் குதிரையை நடக்க வைக்கும். உங்கள் குதிரையின் வேலை அந்த வகையில் இல்லை; அந்த இனத்தின் குளம்பும் பொதுவாகக் கெட்டியானது என்று பெயர் பெற்றது. ஓராண்டு முயன்றும் கல்லில் தாங்கிக்கொண்டே இருந்தால், சவாரி உள்ள மாதங்களுக்கு மட்டும் லாடம் அடித்து, மற்ற மாதங்களுக்குக் கழற்றி விடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

லாடக்காரரை மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கம் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் குறைவு. இருப்பவரை நம் வழிக்குக் கொண்டுவருவதே நடக்கக்கூடியது. நான்கு காலுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதால்தான் அவர் அவசரப்படுகிறார். அடுத்த ஊரில் இன்னொரு குதிரை அவருக்காகக் காத்திருக்கிறது. வருகைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். அன்று இரண்டு கால்தான் முடிந்தது என்றாலும் முழுக் கூலியைக் கொடுத்து, மற்ற இரண்டுக்கும் அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். கத்தியைப் பையிலேயே வைத்துவிட்டு அரத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் அவர் கையைக் கவனித்தபின், இடையிடையே ஓரம் மழுக்கும் வேலையை அவரிடமே கற்றுக்கொண்டு நீங்களே செய்யலாம். நல்ல அரம் ஒன்றும் தடித்த தோல் கையுறையும் அதற்குப் போதும்.